214 கோடியில் ஒரு சுவர்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

சோழிங்கநல்லூரிலோ பெங்களூரிலோ புரோகிராம் எழுதும் வேலையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால், இந்த எண்ணை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "அட, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்படுவார்கள். நமக்கு 143 போல, 1947 போல, அவர்களுக்கு இது மனப்பாடமான எண். கம்ப்யூட்டர் தன் மெமரிக்குள் ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளும்போது, அதில் எத்தனை உருப்படிகள் இருக்கலாம் என்பதற்கு இன்றைக்கும் பல இடங்களில் இதுதான் உச்ச வரம்பு.

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது, யார் போட்டது, அதனால் என்னென்ன நடந்தது என்று இந்தப் பதிவில் பார்ப்போம். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் தயங்காமல் படிக்கலாம். பேரேடு, சிட்டை, டேலி தெரிந்திருந்தால் போதும்.

சதுரங்கமும் அரிசியும்

சதுரங்கப் பலகைக் கதை நமக்கெல்லாம் தெரியும். முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். அம்பலப்புழை பாயசத்துக்கும் இதே கதையைச் சொல்வார்கள். அந்தப் பலகையில் முதல் 31 கட்டங்களில் விழும் அரிசியை மட்டும் கூட்டிப் பாருங்கள். மிகச்சரியாக 2,147,483,647 வரும். நாம் மேலே பார்த்த அதே எண்.

காரணம் எளிது. கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதுகிறது. ஒவ்வொரு இலக்கமும் ஒரு பிட். ஓர் எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினால், அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31. அந்த 31-லும் ஒன்று நிரம்பினால் அதுதான் உச்சம்.

உச்சத்துக்கு மேல் ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99,999 கிலோமீட்டர் ஓடியபின் 00,000 என்று திரும்பி வரும். வண்டி புதிதாகிவிடவில்லை, மீட்டரில் இடம் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மீட்டர் இன்னும் மோசம். உச்சத்தைத் தாண்டியதும் பூஜ்யத்துக்கு வராமல், மைனஸ் 214 கோடிக்குத் தாவிவிடும். வங்கியில் போட்ட பணம் ஒரு ரூபாய் கூடியதும் கடனாக மாறியது போல.

மேசை சிறிதாக இருந்த காலம்

1959-இல் ஐபிஎம் நிறுவனம் 1401 என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேல் விற்ற பொறி இது. நம் இந்திய ரயில்வேயும் 1960களின் பிற்பகுதியில் தன் மண்டலங்களில் 1401 பொறிகளை நிறுவியது. பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பொறியின் மெமரி எவ்வளவு தெரியுமா? ஆரம்பத்தில் 1,400 முதல் 4,000 எழுத்துகள். பின்னாளில் அதிகபட்சமாக 16,000 எழுத்துகள். இந்தப் பதிவைக் கூட அதற்குள் சௌகரியமாக அடக்க முடியாது.

ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சம்பளப் பட்டியலும், சரக்குக் கணக்கும், பாலிசிக் கணக்கும் போட்டார்கள். எப்படி?

முழுப் பேரேட்டையும் மேசைமேல் கொண்டுவந்து கொட்டக் கூடாது என்பதுதான் அந்தக் காலத்து விதி. ஊழியர் எண் வரிசையில் அடுக்கிய பழைய கணக்கு ஒரு பக்கம். அதே வரிசையில் அடுக்கிய இந்த மாத மாற்றங்கள் மறுபக்கம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பதிவாக எடுத்து, ஒப்பிட்டு, மாற்றி, புதிய நாடாவில் எழுதிவிட்டு, அடுத்ததற்குப் போவார்கள். எந்த நேரத்திலும் மெமரிக்குள் இருப்பது இரண்டே இரண்டு பதிவுகள்தான். நூறு பேருக்கும் அதே மெமரி, லட்சம் பேருக்கும் அதே மெமரி. நாடாதான் நீளும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் கடைசியில் ஒரு தாள் அச்சாகும். உள்ளே வந்த பதிவுகள் இத்தனை, சேர்ந்தவை இத்தனை, நீங்கியவை இத்தனை, வெளியே போனவை இத்தனை. இதற்குக் கன்ட்ரோல் டோட்டல் என்று பெயர். இது டேலி ஆகாமல் சம்பளப் பட்டியல் அறையை விட்டு வெளியே போகாது. வங்கியிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்த நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

64 கே என்ற வேலி

அடுத்து மேசைமேல் வைக்கும் கம்ப்யூட்டர்கள் வந்தன. 1978-இல் இன்டெல் 8086 என்ற சில்லை வெளியிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 8088 சில்லை வைத்து 1981-இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. நம் அலுவலகங்களில் ஏசி அறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தொட்ட கம்ப்யூட்டர்கள் இந்த வம்சம்தான்.

இந்தச் சில் ஒரு நேரத்தில் கையாண்ட எண் 16 பிட். அதில் 0 முதல் 65,535 வரை 65,536 எண்கள் அடங்கும். இதைத்தான் 64 கே என்பார்கள். மொத்த மெமரி 10 லட்சம் பைட்டுக்குச் சற்று மேல் வரை போகலாம். ஆனால் அதை 64 கே அளவுள்ள அறைகளாகப் பார்த்தார்கள். ஓர் அறைக்குள் இருக்கும்வரை வேலை சுலபம். சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் தனியாகப் பாடுபட வேண்டும். 1983-இல் வந்து மாணவர்களிடம் பெரும் புகழ்பெற்ற டர்போ பாஸ்கலில் ஒரு பட்டியல் 64 கே-வைத் தாண்டவே கூடாது.

ஓர் ஊரில் 10,000 மின் இணைப்புகள் என்று வையுங்கள். ஒவ்வொருவரின் பாக்கித் தொகைக்கும் 8 பைட். மொத்தம் 80,000 பைட். அறைக்குள் அடங்காது. 8,192-ஆவது ஆளோடு கதவு மூடிக்கொள்ளும். அப்போது பட்டியலை இரண்டாக உடைப்பார்கள், அல்லது பழையபடி டிஸ்க்கில் வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள்.

640 கே மெமரி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார். யாரும் சொல்லாவிட்டாலும், எல்லோரும் அந்த எல்லையை வைத்துத்தான் வேலை செய்தார்கள் என்பது உண்மை. எல்லை கண்ணுக்கு எதிரே இருந்தது. அதனால் யாரும் அதை மறக்கவில்லை.

ஜாவா போட்ட கணக்கு

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை அறிமுகப்படுத்தியது. ஜேம்ஸ் காஸ்லிங் வடிவமைத்தது. அதற்கு முன் சி மொழியில் ஒரு முழு எண்ணின் அளவு பொறிக்குப் பொறி மாறும். இங்கே 16 பிட், அங்கே 32 பிட். ஜாவா இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எந்தப் பொறியானாலும் சாதாரண முழு எண் 32 பிட்தான். ஒரு முறை எழுதிய புரோகிராம் எங்கும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

பட்டியலில் எத்தனையாவது உருப்படி என்று குறிக்கவும் அதே 32 பிட் எண்ணையே வைத்தார்கள். அதனால்தான் 214 கோடி. அந்தக் காலத்தில் ஒரு நல்ல வீட்டுக் கம்ப்யூட்டரில் 8 அல்லது 16 மெகாபைட் மெமரி இருக்கும். 214 கோடி உருப்படிகளை, ஒன்றுக்கு 4 பைட் என்று வைத்தாலே 8,000 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே அது வரம்பு மாதிரியே தெரியவில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஐந்நூறு பேர் உட்காரும் பந்தல் போட்டது போல இருந்தது.

1998 டிசம்பரில் ஜாவாவின் 1.2 பதிப்பில், பட்டியல், அகராதி, கணம் என்று எல்லா வகைப் பெட்டிகளையும் ஒழுங்குபடுத்தி ஒரு தொகுப்பு வந்தது. ஜோஷுவா பிளாக் என்பவர் வடிவமைத்தது. அதில் எந்தப் பெட்டியிடமும் 'உன்னிடம் எத்தனை இருக்கிறது?' என்று கேட்கலாம். பதிலும் 32 பிட் எண்தான். பெட்டிக்குள் அதைவிட அதிகமாக இருந்தால்? அதற்கும் விதி எழுதி வைத்தார்கள். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்றே பதில் சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் ஐந்நூறு மூட்டை இருந்தாலும், தனக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும் என்பதால் 'நூறு' என்று சொல்லும் காவல்காரர் மாதிரி.

இன்று மெமரி பல நூறு ஜிகாபைட் உள்ள பொறிகள் சாதாரணம். ஆனால் அந்த விதியை மாற்ற முடியவில்லை. கோடிக்கணக்கான வரிகள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டன. வாசற்படியின் உயரத்தை மாற்றினால் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் அறுக்க வேண்டும் என்ற நிலை.

வீடு மாற்றும் பெட்டி

2002-இல் மைக்ரோசாஃப்ட் தன் டாட்நெட்டை வெளியிட்டது. 2005-இல் அது 64 பிட் பொறிகளுக்கும் வந்தது. ஆனால் ஒரு தனிப் பொருள் 2 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அப்படியே நின்றது. 8 பைட் எண்களின் பட்டியல் என்றால் ஏறக்குறைய 26 கோடியே 84 லட்சம் உருப்படிகளோடு சரி. பொறியில் எவ்வளவு மெமரி சும்மா கிடந்தாலும் பயனில்லை. 2012-இல் வந்த 4.5 பதிப்பில்தான் இதைத் தளர்த்தினார்கள். அதற்கும் ஓர் அமைப்பைத் தனியாக இயக்கிக்கொள்ள வேண்டும். அப்படித் தளர்த்திய பிறகும், ஒரு வரிசைப் பட்டியலில் 214 கோடியே 64 லட்சத்து 35 ஆயிரத்து 71 உருப்படிகள் வரைதான். பைட் அளவே உள்ள சின்ன உருப்படிகளுக்குச் சற்றுக் கூடுதல். மீண்டும் அதே சுவரின் அடியில்தான்.

நடைமுறையில் அந்தச் சுவர்வரை போவதற்கு முன்பே பலர் விழுந்துவிடுவார்கள். காரணம், இந்தப் பெட்டிகள் வளரும் விதம். டாட்நெட்டின் பட்டியல் முதலில் 4 உருப்படிக்கு இடம் பிடிக்கும். நிரம்பினால் 8, பிறகு 16, 32 என்று இரட்டிக்கும். ஒவ்வொரு முறையும் இரு மடங்கு பெரிய புது இடம் பிடித்து, எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்துவிட்டுத்தான் பழைய இடத்தை விடும். வீடு மாறும் மாதத்தில் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டுகிறோமே, அதே கதை. ஜாவாவின் பட்டியல் கொஞ்சம் சிக்கனம். பாதிப் பங்கு மட்டும் கூட்டிக்கொள்ளும்.

அதோடு, பிடிக்கும் இடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் நூறு நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருந்தால் இருபது பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது. 'மெமரி போதவில்லை' என்று கம்ப்யூட்டர் கைவிரிப்பதில் பல, உண்மையில் சேர்ந்தாற்போல் இடமில்லை என்பதுதான்.

அகராதியில் ஒளிந்திருந்த பிழை

அகராதியில் சொல் தேடும்போது நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, மறுபடி பாதியாக்கித் தேடுகிறோம். கம்ப்யூட்டரும் அப்படியே. முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுப்பக்கம். இதில் என்ன தவறு வரும்?

2006-இல் அதே ஜோஷுவா பிளாக், கூகுளில் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். 120 கோடியையும் 150 கோடியையும் கூட்டினால் 270 கோடி. அது 214 கோடியைத் தாண்டுகிறது. மீட்டர் புரண்டு மைனஸ் ஆகிவிடும். பாதியாக்கினால் ஏறக்குறைய மைனஸ் 80 கோடியாவது பக்கத்தைத் திற என்று வரும். தேட வேண்டிய நடுப்பக்கம் 135 கோடி. அது வரம்புக்குள்தான் இருக்கிறது. வழியில் போட்ட கூட்டல்தான் வரம்பை மீறியது. இந்தப் பிழை ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அதன் மூலம், ஜான் பென்ட்லி 1986-இல் எழுதிய, பலரும் பாடமாகப் படித்த புத்தகத்தில் இருந்த வழிமுறை. ஏன் இத்தனை காலம் தெரியவில்லை? 107 கோடிக்கு மேல் உருப்படிகள் உள்ள பட்டியலை அதுவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு நல்லது உண்டு. மைனஸ் பக்கத்தைத் தேடினால் ஜாவா அங்கேயே கத்திக்கொண்டு நின்றுவிடும். நிற்பது தொல்லைதான். ஆனால் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும்.

நின்றதும், நிற்காமல் போனதும்

2004 கிறிஸ்துமஸ். அமெரிக்காவின் சின்சினாட்டியை மையமாகக் கொண்ட காம்ஏர் விமான நிறுவனத்தில் ஒரு பழைய புரோகிராம். எந்த விமானத்துக்கு எந்த விமானி, எந்தப் பணிப்பெண் என்று ஒதுக்குவது அதன் வேலை. ஒரு மாதத்தில் எத்தனை மாற்றங்கள் செய்யப்பட்டன என்பதற்கு 16 பிட் எண். குறிக்கு ஒரு பிட் போக, 32 ஆயிரத்துச் சொச்சம்தான் கணக்கு. சாதாரண மாதங்களில் அந்தப் பக்கமே போகாது. அந்த டிசம்பரில் பெரும் பனிப்புயல் அடித்தது. விமானம் விமானமாக மாற்றி மாற்றி ஒதுக்கியதில் மாத எண்ணிக்கை வரம்பைத் தொட்டது. புரோகிராம் நின்றது. கிறிஸ்துமஸ் அன்று அந்த நிறுவனத்தின் சுமார் 1,100 விமானங்களும் ரத்து. பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்தார்கள். அடுத்த மாதம் நிறுவனத் தலைவர் பதவி விலகினார்.

இது மோசம்தான். ஆனால் ஊருக்கே தெரிந்த மோசம். இதைவிடப் பயங்கரம் சத்தமில்லாமல் நடப்பது.

2020 செப்டம்பர் கடைசி, இங்கிலாந்து. கொரோனா இரண்டாவது முறை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆய்வகங்களிலிருந்து வந்த பரிசோதனை முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்ஸெல் தாள்களில் ஏற்றியது. 1997-ஆம் ஆண்டு எக்ஸெல்லில் வந்த அந்தத் தாளில் 65,536 வரிசைகள் மட்டுமே உண்டு. நாம் மேலே பார்த்த அதே 64 கே வேலி. 2007-ஆம் ஆண்டு எக்ஸெல்லிலேயே 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 வரிசைகள் வந்துவிட்டன. ஆனால் பழைய தாளே புழக்கத்தில் இருந்தது. ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டதால் தாள் சீக்கிரம் நிரம்பியது. நிரம்பியபின் வந்தவை விழுந்துவிட்டன. எந்த மணியும் அடிக்கவில்லை.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய பிரிவுக்கு அந்தப் பெயர்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வயதான தாய், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், ஒரு கடைக்காரர் இருந்திருப்பார்.

இத்தனை முடிவுகள் வந்தன, இத்தனை வரிசைகள் ஏறின என்ற இரண்டு எண்களை அன்றன்று மாலை பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 1401 காலத்துக் கன்ட்ரோல் டோட்டல் தாள் செய்த வேலை அதுதான்.

மறந்த பாடம், திரும்பி வந்த பாடம்

மெமரி கொஞ்சமாக இருந்தபோது எல்லை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் உடைத்து வேலை செய்தார்கள், முடிவில் டேலி பார்த்தார்கள். மெமரி பெருகியதும் எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போனது. எல்லையோடு டேலி பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. வரம்பு போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காலத்துக்கு அது தாராளம். காரணம் மறைந்த பிறகும் வரம்பு மட்டும் நின்றுவிடுகிறது.

ஆனால் பழைய முறை முற்றிலும் சாகவில்லை. 2004-இல் கூகுள் தன் மாபெரும் தரவுகளைக் கையாளும் முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டது. தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒன்றுசேர்ப்பது அதன் சாரம். நாடா காலத்து ஆசாமிக்கு இது பழகிய வேலைதான், பொறிகள்தான் ஆயிரக்கணக்கில். 2014-இல் ஜாவாவின் 8-ஆம் பதிப்பில், உருப்படிகளைப் பெட்டியில் சேர்த்து வைக்காமல் ஓடும் வாய்க்கால் போல ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பும் வசதி வந்தது. வாய்க்காலில் எத்தனை போயின என்று கேட்டால் பதில் 64 பிட் எண். சதுரங்கப் பலகையின் 63 கட்டத்து அரிசி அத்தனையும் எண்ணலாம். சேர்த்து வைக்கும் பெட்டிக்கு மட்டும் இன்னமும் 214 கோடிதான் எண்ணத் தெரியும்.

இதே எண் இன்னொரு முறை நம் வாசலுக்கு வரப்போகிறது. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை எண்ணி நேரம் பார்க்கின்றன. 32 பிட்டில் எண்ணும் பழைய பொறிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துவிடும். புதிய பொறிகளை மாற்றிவிட்டார்கள். சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பதிந்துகிடக்கும் பழையவைதான் கவலை.

குடியிருப்போர் சங்கக் கணக்கோ, ஓய்வூதியர் சங்க உறுப்பினர் பட்டியலோ, கோயில் நன்கொடைப் பட்டியலோ கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே பலர் உண்டு. உங்கள் பட்டியல் 65,536-ஐத் தொடப்போவதில்லை. இருந்தாலும் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, முதலில் எத்தனை பெயர், மாற்றிய பின் எத்தனை பெயர் என்று ஒரு தாளில் எழுதி டேலி பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.